மூட்டு வலியோடு தோலிலும் ஏதாவது இருந்தால்: ரத்தப் பரிசோதனையா, மாத்திரை போட்டுப் பார்ப்பதா, பயாப்ஸியா?

விரல் மூட்டுகள் வீங்கியிருக்கின்றன, காலையில் ஒரு மணி நேரத்துக்கு மடக்க முடியவில்லை என்று போனால் டாக்டர் முதலில் நினைப்பது முடக்குவாதத்தை (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்)த்தான். அதில் தப்பில்லை, அதிகம் வருவது அதுதான். ஆனால் அதே ஆளின் தோலிலும் ஏதாவது இருக்கும்போது கணக்கு மாறுகிறது. நகக்கண்ணைச் சுற்றி வரிசையாகச் சின்னச் சின்ன முடிச்சுகள், காது மடலில் தடிப்பு, காலில் தொட்டால் வலிக்கும் சிவந்த கட்டிகள், முன்கையில் இறுகிப்போன தோல் என்று எதுவாகவும் அது இருக்கலாம். பல சமயம் நோயாளியே அதைக் காட்டுவதில்லை. மூட்டுக்காக வந்த இடத்தில் தோலைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று நினைத்துவிடுகிறார்.

இந்த இடத்தில் மூன்று வழிகள் இருக்கின்றன. ரத்தப் பரிசோதனை முடிவை வைத்து நோய்க்குப் பெயர் வைப்பது முதல் வழி. ஸ்டீராய்டோ, முடக்குவாதத்துக்கு வழக்கமாகத் தரும் மெத்தோட்ரெக்சேட்டோ கொடுத்து, கேட்கிறதா என்று பார்ப்பது இரண்டாவது. தோலில் இருப்பதிலிருந்து ஒரு சிறு துண்டு எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புவது மூன்றாவது. நடைமுறையில் முதல் இரண்டும்தான் நடக்கின்றன, மூன்றாவது கடைசியில் வருகிறது, சிலருக்கு வருவதே இல்லை. என் கட்சி மூன்றாவதுதான். நீண்ட நாள் மருந்து தொடங்கும் முன் அது நடந்திருக்க வேண்டும். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பயாப்ஸி உதவாத இடமும் ஒன்று இருப்பதால்.

முதலில் ரத்தம். முடக்குவாதத்துக்காக ரத்தத்தில் பார்க்கும் ஆர்.ஏ. ஃபேக்டர் பாசிட்டிவ் என்ற வரியைப் பார்த்ததும் வீட்டில் எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் முடக்குவாதம் உள்ளவர்களில் நூற்றுக்கு 70 முதல் 80 பேருக்குத்தான் அது பாசிட்டிவாக வரும். எந்த நோயும் இல்லாதவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும், வயதானவர்களில் இன்னும் கூடுதலானவர்களுக்கும் வரும். காசநோய், ஹெபடைடிஸ் சி, தொழுநோய் போன்ற நீண்ட நாள் தொற்றுகளிலும் வரும். உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் லூபஸ் என்ற நோய்க்காகப் பார்க்கும் ஏ.என்.ஏ. பரிசோதனை இன்னும் தாராளமானது. ரத்த நீரை 40 மடங்கு நீர்த்து, அதாவது 1:40 என்ற அளவில் பார்த்தால் நல்ல ஆரோக்கியமானவர்களிலேயே பத்தில் மூன்று பேருக்குப் பாசிட்டிவ், 1:160 என்று உயர்த்தினாலும் நூற்றுக்கு ஐந்து பேர் மிஞ்சுகிறார்கள். முடக்குவாதத்துக்கான இன்னொரு ரத்தப் பரிசோதனையான ஆன்டி சி.சி.பி. இவற்றைவிட நம்பகமானது. அது நல்ல அளவில் உயர்ந்திருந்து மூட்டுகளும் பொருந்தினால், முடக்குவாதம் என்பதைப் பெரும்பாலும் நம்பலாம். இ.எஸ்.ஆரும் சி.ஆர்.பி.யும் உடம்பில் எங்கோ அழற்சி இருக்கிறது என்று மட்டும் சொல்லும். எதனால் என்று சொல்லாது.

இதன் மறுபக்கம் இன்னும் மோசம். எல்லாம் நெகட்டிவாக வந்தால், "சீரோநெகட்டிவ் முடக்குவாதம்" என்ற பெயர் தயாராக இருக்கிறது. அப்படி ஒரு நோய் நிஜமாகவே உண்டு. ஆனால் அந்தப் பெயருக்குள் வேறு பல நோய்களும் ஒளிந்துகொள்ள இடம் கிடைத்துவிடுகிறது. அதில் முக்கியமானது மல்டிசென்ட்ரிக் ரெட்டிகுலோஹிஸ்டியோசைடோசிஸ்.

பெயர் நீளம், நோய் மிக அரிது. உலக மருத்துவ இதழ்களில் பதிவானவை எல்லாம் சேர்த்தே சில நூறு பேர்தான். கோல்ட்ஸ், லேமன் என்ற இரு டாக்டர்கள் 1954-ல் வைத்த பெயர் இது. ஹிஸ்டியோசைட் என்ற வகை செல்கள் தோலிலும் மூட்டுச் சவ்விலும் குவிகின்றன. பெண்களுக்கே அதிகம், பெரும்பாலும் நாற்பது வயதுக்கு மேல். பலருக்கு மூட்டு வலிதான் முதலில் வருகிறது. முடிச்சுகள் தெரிய மாதங்களோ வருடங்களோ ஆகலாம். அதனால் தொடக்கத்தில் முடக்குவாதம் என்று சொன்ன டாக்டரைக் குறை சொல்ல முடியாது. முடிச்சுகள் வந்த பிறகும் அதையே சொல்லிக்கொண்டிருந்தால்தான் தவறு. ஏனென்றால் வித்தியாசங்கள் கண்ணுக்கே தெரிகின்றன. முடக்குவாதம் பொதுவாக நகத்தை ஒட்டிய கடைசி மூட்டை விட்டுவிடும், இந்த நோய் குறிப்பாக அங்கேதான் தாக்கும். முடக்குவாத முடிச்சுகள் பெரும்பாலும் முழங்கையில், ஆர்.ஏ. ஃபேக்டர் பாசிட்டிவான ஆட்களுக்கு வரும். இந்த நோயின் முடிச்சுகள் நகத்தின் அடியில் கோத்த பவளம்போல வரிசை கட்டும், காதிலும் மூக்கிலும் முகத்திலும் வரும். ஆர்.ஏ. ஃபேக்டர் பெரும்பாலும் நெகட்டிவாக இருக்கும். நெகட்டிவ் ரிப்போர்ட்டும் முடிச்சுகளும் ஒரே ஆளிடம் இருந்தால், அந்த ஒன்றே பயாப்ஸி கேட்கப் போதுமான காரணம்.

பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது, எப்படியும் ஸ்டீராய்டும் மெத்தோட்ரெக்சேட்டும்தானே என்று கேட்பவர்கள் உண்டு. மருந்துகள் ஓரளவு ஒன்றுதான் என்பதும் உண்மை. இரண்டு விஷயங்கள் மாறுகின்றன. இந்த நோய் மூட்டு எலும்பை வேகமாக அரித்து, விரல்களே குட்டையாகி உள்வாங்கும் நிலைக்குக் கொண்டுபோகக்கூடியது. அதனால் சிகிச்சையின் வேகமும் வீரியமும் தொடக்கத்திலேயே வேறாக இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு உடம்பில் எங்கோ ஒரு புற்றுநோயும் கூடவே இருக்கிறது. முடக்குவாதம் என்று எழுதிய ஃபைலை வைத்துக்கொண்டு யாரும் புற்றுநோயைத் தேடப் போவதில்லை. சரியான பெயர் கிடைத்தால்தான் மார்பகம், கர்ப்பப்பை, வயிறு, நுரையீரல் என்று தேடத் தொடங்குவார்கள்.

அடுத்து, மருந்து கொடுத்துப் பார்ப்பது. இது தர்க்கமாகத் தோன்றும்: ஸ்டீராய்டு கேட்டால் வாதம், கேட்காவிட்டால் வேறு. ஸ்டீராய்டு எதற்குத்தான் கேட்காது? அழற்சி எந்தக் காரணத்தால் வந்தாலும் கொஞ்ச நாள் அடங்கும். நோயாளி நன்றி சொல்வார், டாக்டருக்கும் தன் கணிப்பு உறுதியானதுபோல இருக்கும். அந்த ஆறுதல்தான் ஆபத்து.

நம் ஊரில் இதனால் அதிகம் ஏமாற்றும் நோய் தொழுநோய். அரிய நோய்களின் பட்டியலில் இதைச் சேர்க்கலாமா என்று தோன்றலாம். சேர்க்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மூட்டு வலிக்காக வந்த ஒருவரிடம் இது இருக்கும் என்று நினைப்பது அவ்வளவு அரிதாகிவிட்டது. பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு என்ற இலக்கை இந்தியா 2005 இறுதியில் தேசிய அளவில் எட்டியது. அதைக் கேட்ட பலர் நோயே போய்விட்டது என்று எடுத்துக்கொண்டார்கள். போகவில்லை. உலகில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் நோயாளிகளில் பாதிக்கு மேல் இன்றும் இந்தியாவில்தான், ஆண்டுக்கு ஒரு லட்சம் அளவில்.

தொழுநோய் என்றால் உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் என்றுதான் நமக்குத் தெரியும். கிருமி அதிகமுள்ள வகையில் தேமல் தெளிவாகவே இருக்காது. தோல் பரவலாக மினுமினுப்பாகத் தடித்து, காது மடல் கனத்து, புருவத்தின் வெளிப்பக்க முடி உதிர்ந்திருக்கும். அந்த நிலையில் உடம்பின் எதிர்ப்பு திடீரென்று கிளம்பினால் வருவதுதான் ஈ.என்.எல். என்ற ரியாக்‌ஷன். காய்ச்சல், கை கால்களில் வலிக்கும் சிவந்த கட்டிகள், பல மூட்டுகளில் வீக்கம், கண் சிவப்பு, சிலருக்கு விதைப்பையில் வலி. இ.எஸ்.ஆர். எகிறும். ஏ.என்.ஏ.வும் ஆர்.ஏ. ஃபேக்டரும் பாசிட்டிவாகவே வரலாம். காகிதத்தில் பார்த்தால் லூபஸ், வாஸ்குலைட்டிஸ் (ரத்தக் குழாய் அழற்சி), முடக்குவாதம் மூன்றுக்கும் பொருந்தும். ஸ்டீராய்டு கொடுத்தால் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கும், கட்டிகள் வற்றும். நிறுத்தினால் திரும்ப வரும். மெத்தோட்ரெக்சேட் சேர்த்தாலும் கொஞ்சம் அடங்கும், அந்த மருந்தை இந்த ரியாக்‌ஷனுக்கே பயன்படுத்துகிறார்கள். ஆக, மருந்து கேட்டது என்பது இங்கே எதையும் நிரூபிக்கவில்லை. உள்ளே கிருமி அப்படியே இருக்கிறது, முழங்கை நரம்பும் முழங்கால் பக்கத்து நரம்பும் மெல்ல மெல்லச் செத்துக்கொண்டிருக்கின்றன. விரல் வளைந்த பிறகு "வாதத்தில் வளைந்தது" என்று சொல்லிவிடுவார்கள். உயிரியல் மருந்துகள் என்று சொல்லப்படும், அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற புரதத்தை அடக்கும் ஊசிகள் வரை போய், அதன் பிறகு மறைந்திருந்த தொழுநோய் வெளிப்பட்டவர்களும் உண்டு.

சரியாகக் கண்டுபிடித்தால் இதற்குச் சிகிச்சை எவ்வளவு எளிது என்பதுதான் மனதை அறுக்கிறது. ரிஃபாம்பிசின், டாப்சோன், க்ளோஃபசிமின் என்ற கூட்டு மருந்து, வகையைப் பொறுத்து 6 மாதம் அல்லது 12 மாதம், அரசு சுகாதார நிலையத்தில் இலவசம். மருந்து தொடங்கிய கொஞ்ச நாளிலேயே மற்றவர்களுக்குப் பரவும் தன்மை போய்விடுகிறது. ரியாக்‌ஷன் உள்ளவர்களுக்கு ஸ்டீராய்டும் தேவைப்படும்தான், ஆனால் இந்தக் கூட்டு மருந்தோடு சேர்த்து. செங்கல்பட்டு அருகே திருமணியிலும் வேலூர் அருகே கரிகிரியிலும் 1955 முதல் இதற்கென்றே நிலையங்கள் இருக்கிற மாநிலம் இது. இங்கே ஒருவர் வருடக்கணக்கில் முடக்குவாத மாத்திரை சாப்பிட்டு விரலை இழப்பது நடக்கக் கூடாத விஷயம்.

பயாப்ஸி வேண்டாம் என்று வீட்டாரே சொல்வதும் நடக்கிறது. வாதம் என்றால் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்ளலாம், இந்தப் பெயர் வந்துவிட்டால் பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்ற பயம். அந்தப் பயத்துக்கு நம் சட்டமே நீண்ட காலம் துணை நின்றது. தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாகக் காட்டலாம் என்ற பிரிவு 2019-ல்தான் நீக்கப்பட்டது. பயத்தைப் புரிந்துகொள்கிறேன், ஆனால் வளைந்த விரலை எந்தப் பெயராலும் மறைக்க முடியாது.

மருந்து கொடுத்துப் பார்ப்பதன் ஆபத்து தொழுநோயோடு முடியவில்லை. தோல் இறுகும் நோய்களில் அது இரண்டு பக்கமும் வெட்டும். ஈயோசினோஃபிலிக் ஃபேசியைடிஸ் என்று ஒரு நோய், ஷுல்மன் என்பவர் 1974-ல் விவரித்தது. சிலருக்குக் கடும் உடலுழைப்புக்குப் பிறகு தொடங்கும். முன்கையும் காலும் வீங்கி, பிறகு பலகையாக இறுகும். கையை உயர்த்தினால் ரத்தக் குழாய் ஓடும் தடத்தில் பள்ளம் விழும். பார்த்ததும், தோலோடு உள்ளுறுப்புகளும் இறுகும் ஸ்க்ளீரோடெர்மா என்று சொல்லத் தோன்றும். விரல்களும் முகமும் தப்பியிருப்பதும், குளிரில் விரல் வெளுத்து நீலமாகும் தொல்லை இல்லாததும்தான் அடையாளம். இந்த நோய்க்கு ஸ்டீராய்டு நல்ல மருந்து, தாமதித்தால் மூட்டுகள் மடங்கிய நிலையிலேயே நின்றுவிடும். ஆனால் நிஜமான ஸ்க்ளீரோடெர்மாவில் அதே ஸ்டீராய்டை அதிக அளவில் கொடுத்தால் திடீரென்று ரத்த அழுத்தம் ஏறி சிறுநீரகம் செயலிழக்கும் ஆபத்து கூடுகிறது. ஒன்றுக்கு உடனே தர வேண்டிய மருந்து இன்னொன்றுக்கு அஞ்ச வேண்டிய மருந்து. கொடுத்துப் பார்ப்போம் என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை.

மூட்டு வலிக்கு என்று பொட்டலத்தில் தரும் பெயரில்லாத பொடிகளும், என்ன மருந்து என்றே சொல்லாமல் போடும் ஊசிகளும் இதே கணக்கில்தான் வரும். அவற்றில் பலவற்றில் இருப்பது ஸ்டீராய்டுதான். அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பயாப்ஸி முடிவையே அது மங்கலாக்கிவிடும்.

இப்போது பயாப்ஸிக்கு வருவோம். அந்த வார்த்தையைக் கேட்டாலே புற்றுநோய் என்று நினைத்துப் பயப்படுகிறவர்கள் அதிகம். தோல் பயாப்ஸி என்பது மரத்துப்போக ஊசி போட்டு, பென்சில் முனை அளவுக்கு, பெரும்பாலும் 4 மில்லிமீட்டர் வட்டமாக ஒரு துண்டை எடுத்து, ஒன்றிரண்டு தையல் போடும் வேலை. படுக்கையில் சேர வேண்டாம், அன்றே வீட்டுக்குப் போகலாம். முடிவு வர ஒரு வாரம் போல ஆகும். வலி மரத்துப்போக வைக்கும் ஊசியோடு சரி. செலவும், பெரிய ரத்தப் பரிசோதனைத் தொகுப்பு ஒன்றோடு ஒப்பிட்டால் பயமுறுத்தும் அளவில் இருக்காது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் நோய்ப் பிரிவிலேயே செய்கிறார்கள்.

அந்தத் துண்டு சொல்லும் விஷயங்கள் நேரடியானவை. ரெட்டிகுலோஹிஸ்டியோசைடோசிஸில் பல உட்கருக்கள் கொண்ட ராட்சச செல்கள், உள்ளே தேய்த்த கண்ணாடிபோல மங்கலாகத் தெரியும். கிருமி அதிகமுள்ள தொழுநோயில் கிருமியே தெரியும். ரத்தம் கோடி காட்டுவதோடு நின்றுவிடும் இடத்தில் இது ஆளையே காட்டுகிறது.

ஆனால் பயாப்ஸி எடுத்தோம் என்பதால் மட்டும் பதில் வந்துவிடாது. எங்கே, எவ்வளவு ஆழம், எதில் போட்டு அனுப்பினார்கள், என்ன சந்தேகம் என்று எழுதினார்கள் என்பதெல்லாம் முடிவை மாற்றும். பழைய, ஆறிக்கொண்டிருக்கும் கட்டியை விட்டுவிட்டுப் புதியதில் எடுக்க வேண்டும். தேமல் என்றால் அதன் சுறுசுறுப்பான ஓரத்தில். தோல் இறுகிய நோயில் மேலாக எடுக்கும் சின்ன வட்டத்தால் பிரயோஜனமில்லை, தசையை மூடிய சவ்வு வரை கத்தியால் ஆழமாக எடுக்க வேண்டும். தொழுநோய்ச் சந்தேகம் இருந்தால் ஃபைட் என்ற சாயம் போட்டுப் பார்க்கச் சொல்லி எழுத வேண்டும், வழக்கமான சாயத்தில் கிருமி தப்பிவிடலாம். லூபஸ் அல்லது வாஸ்குலைட்டிஸுக்காக இம்யூனோஃப்ளோரசன்ஸ் (ஒளிரும் சாயம் போட்டு எதிர்ப்புப் புரதங்களைத் தேடும் பரிசோதனை) பார்ப்பதென்றால் அந்தத் துண்டை, வழக்கமாகப் போட்டு அனுப்பும் ஃபார்மலின் திரவத்தில் போடவே கூடாது. யூரிக் அமிலம் சேர்வதால் வரும் கவுட் நோயின் முடிச்சாக இருக்குமோ என்று நினைத்தாலும் அப்படித்தான், ஃபார்மலினில் யூரிக் அமில உப்புப் படிகங்கள் கரைந்துபோகும், ஆல்கஹாலில் அனுப்ப வேண்டும். இதையெல்லாம் டாக்டர் பார்த்துக்கொள்வார் என்று விடாமல், "என்ன சந்தேகம் என்று லேபுக்கு எழுதியிருக்கிறீர்களா டாக்டர்?" என்று ஒரு தடவை கேட்டுவிடுவது நல்லது. மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

பயாப்ஸி தேவைப்படாத நோய் ஒன்று இருக்கிறது என்று சொன்னேனே, அது அல்காப்டோனூரியா. முதுகு வலி முப்பது வயதையொட்டித் தொடங்கி, முதுகெலும்பு விறைத்து, பிறகு முழங்கால், இடுப்பு, தோள் என்று பரவும். முதுகெலும்பை இறுக்கும் வாதமான ஆன்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்று சொல்லி அதற்கான மருந்து தொடங்கிவிடுவார்கள். காது மடலின் குருத்தெலும்பில் நீலம் பாய்ந்திருப்பதும், கண்ணின் வெள்ளையில் பழுப்புத் திட்டு இருப்பதும்தான் தோல் பக்கத்துச் சாட்சி. இவருக்குச் செய்ய வேண்டியது, சிறுநீரைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்துத் திறந்து வைப்பது. மணிக்கணக்கில் வைத்திருந்தால் கறுத்துப்போகும். ஹோமோஜென்டிசிக் அமிலம் என்ற பொருளை உடைக்கும் நொதி பிறவியிலேயே இல்லாததால் அது சேர்ந்துகொண்டே போய் குருத்தெலும்பைக் கறுப்பாக்கி நொறுக்குகிறது. சிறுநீரில் அந்த அமிலத்தை அளந்தால் நோய் உறுதியாகிவிடும். எக்ஸ்ரேயில் வட்டுகள் வரிசையாகச் சுண்ணாம்பு படிந்து ஒடுங்கியிருக்கும், ஸ்பாண்டிலைட்டிஸில் பாதிக்கப்படும் இடுப்பின் சாக்ரோஇலியாக் மூட்டு இதில் பெரும்பாலும் தப்பியிருக்கும். ஆர்ச்சிபால்ட் காரட் 1902-ல் எழுதி, பிறவி வளர்சிதைக் கோளாறு என்ற கருத்துக்கே அடித்தளமிட்ட நோய் இது. உலகில் இரண்டரை லட்சம் முதல் பத்து லட்சம் பேரில் ஒருவருக்கு என்று கணக்கு. ஆனால் தமிழ்நாட்டில் நரிக்குறவர் சமூகத்தில் ஒரே மரபணு மாற்றம் வழிவழியாக வந்து இந்த நோய் அதிகமாக இருப்பதை 2014-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர் முதுகு வலி என்று வந்தால் காதையும் சிறுநீரையும் பார்க்காமல் அனுப்புவது அநியாயம். நைட்டிசினோன் என்ற மருந்துக்கு ஐரோப்பாவில் 2020-ல் அனுமதி கிடைத்திருக்கிறது. அமிலம் உருவாவதையே அது தடுக்கிறது. ரத்தத்தில் டைரோசின் என்ற, புரதத்திலிருந்து வரும் அமினோ அமிலம் ஏறும் என்பதால் புரதத்தைக் குறைத்துச் சாப்பிட வேண்டும், கண்ணையும் அவ்வப்போது காட்ட வேண்டும்.

அப்புறம், எந்த டாக்டரிடம் முதலில் போவது? மூட்டுவாத நிபுணரா, தோல் டாக்டரா? மூட்டு அழிந்துகொண்டிருக்கும் அவசரம் இருந்தால் மூட்டுவாத நிபுணர். மூட்டு வலி தாங்கக்கூடியது, தோலில்தான் விசித்திரம் என்றால் தோல் டாக்டர். ஒருவரிடம் போவதால் மற்றவரை விட்டுவிடக் கூடாது. தோல் ஃபைல் ஒரு பையிலும் மூட்டு ஃபைல் ஒரு பையிலும் இருப்பதால்தான் இந்த நோய்கள் வருடக்கணக்கில் தப்பிக்கின்றன. இரண்டு பிரிவும் ஒரே வளாகத்தில் உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, தனித்தனியாக இரண்டு பிரபல டாக்டர்களைப் பார்ப்பதைவிட மேல் என்பேன், வரிசையில் நிற்கும் சிரமத்தையும் சேர்த்து. கட்டிகள் வந்து வந்து மறையும் ரகமென்றால், வந்திருக்கும்போதே போனில் தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

பயாப்ஸிக்காகச் சிகிச்சையையே நிறுத்தி வைக்க வேண்டுமா என்றால், வேண்டாம். வலி நிவாரணிகள் போடலாம், மூட்டுக்கு ஓய்வு கொடுக்கலாம். உறுப்புக்கு ஆபத்து என்றால் டாக்டர் ஸ்டீராய்டைத் தொடங்கத்தான் வேண்டும். ஊசியைப் போடும் முன் துண்டை எடுத்துவிடுங்கள் என்பதுதான் கோரிக்கை, அதற்கு அரை மணி நேரம் போதும். தோலில் எதுவுமே இல்லாமல் கை மணிக்கட்டும் விரல் நடு மூட்டுகளும் இரு பக்கமும் வீங்கி, ஆன்டி சி.சி.பி.யும் நன்றாக உயர்ந்திருந்தால், இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு முடக்குவாத மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள். அங்கே தாமதம்தான் மூட்டைத் தின்னும்.

சில சமயம் பயாப்ஸி ரிப்போர்ட், குறிப்பான மாற்றம் எதுவும் இல்லை என்று வரும். அதை எல்லாம் நார்மல் என்று படிக்கக் கூடாது. இடம் சரியில்லையா, ஆழம் போதவில்லையா, முன்பே ஸ்டீராய்டு உள்ளே போயிருந்ததா என்று கேட்டு, புதிய கட்டி வரும்போது இரண்டாவது முறை எடுப்பது வழக்கம்தான். அதே ஸ்லைடுகளை வேறொரு தோல் நோயியல் நிபுணரிடம் காட்டுவதும் வழக்கம்தான். ஸ்லைடுகளையும், தோல் துண்டைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டியையும் லேபில் கேட்டு வாங்கலாம், கொடுப்பார்கள்.